பேசின் பிரிட்ஜ்

கும்மிடிப்பூண்டி யூனிட் ரயிலில் ஜன்னலோர இடத்துக்குத்தான் அடிதடி. அண்ணாத்தே மட்டும் நடு இடமாகப் பார்த்து உட்காருவார். ஜன்னலோரம் என்றால் ஒரு பக்கம் கம்பி. கம்பியிடம் என்ன விசாரிக்க முடியும்? நடுவில் உட்கார்ந்தால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், எதிரே மூவர். முட்டியில் இடித்துக்கொண்டு நிற்பவர் உபரி வருமானம்.

சீசன்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பேசின் பிரிட்ஜ். போகிற வருகிற வண்டி எதையும் அவ்வளவு சுலபமாக விட்டுவிடாத ஸ்டேஷன் அது.

"எங்க எறங்குவீங்க?" என்பதுதான் தூண்டில். இடத்துக்காகக் கேட்கிறார் என்று நம்பி அப்பாவிகள் பதில் சொல்லிவிடுவார்கள். "விம்கோ நகர்" என்றால் தீர்ந்தது. தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ஸ்டேஷனுக்கு வந்த கதையில் தொடங்கி, அந்தக் கம்பெனியில் உங்கள் சொந்தத்தில் யார் வேலை பார்த்தார் என்பதில் வந்து நிற்பார். யாருமில்லையா? அப்படியானால் லேலண்டு? என்ஃபீல்டு? எம்.ஆர்.எஃப்.? திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருந்துகொண்டு இந்த நாலிலும் ஆளில்லாத குடும்பம் நேற்றுதான் பால் காய்ச்சிக் குடிவந்திருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

"சித்தப்பா என்ஃபீல்டுல இருந்தாரு."

"எந்த ஷிப்டு?"

"தெரியலைங்க."

"பெயிண்ட் ஷாப்பா இருக்கும். அப்ப நீ நமக்கு வேண்டிய புள்ளதான்!"

காதில் இயர்போன் மாட்டிய பையன்களுக்குத் தனி மருந்து. தோளைத் தட்டி, "தம்பி, இது எண்ணூர் போவுமா?" என்பார், பிறந்ததிலிருந்து எண்ணூரிலேயே இருக்கிறவர். பையன் ஒரு பக்கத்தைக் கழற்றுவான். ஒரு காது போதும் அவருக்கு.

சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் ஒடிசாப் பையனிடம் ஒருநாள், "பாய், கிதர் சே?" என்றார். ஒடிசா என்றதும், "அரே, பூரி ஜெகந்நாத்!" என்று கும்பிட்டார். இந்தி அத்துடன் தீர்ந்துபோனதால் மீதியைத் தமிழிலேயே, ஆனால் உரக்கப் பேசினார். பையன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, மெதுவா பேசுங்க. தமிழ் தெரியும்" என்றான்.

வண்டி சிக்னலில் நின்றுவிட்டால் சரித்திரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது என்பது ஊரறிந்தது. "அன்னிக்கும் வழில போட்ருப்பானுங்க" என்பது அவர் சேர்த்தது.

இத்தனை சிநேகிதத்திலும் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. போனில் 'மீஞ்சூர் மஞ்சப்பை', 'பொன்னேரி பல்வலி', 'அத்திப்பட்டு ரெண்டு பொண்ணு' என்றுதான் பதிவு. கேட்டதற்கு, "பேரைக் கேட்டா ஊரைக் கேக்கத் தோணும், ஊரைக் கேட்டா தெருவைக் கேக்கத் தோணும். அது எங்க போய் நிக்கும்னு தெரியாதா? ஸ்டேஷன் போதும்பா" என்றார். தொணதொணப்பு என்று நாங்கள் நினைத்திருந்ததில் இப்படியும் ஒரு யோசனை இருந்திருக்கிறது.

2021-ல் விம்கோ நகருக்கு மெட்ரோ வந்ததும் ஆசையாகப் போய்ப் பார்த்தார். குளுகுளுவென்று இருந்தது. எல்லார் கண்ணும் போனில். அடுத்த ஸ்டேஷன் எது என்று கேட்க வாயெடுத்தால், அதற்குள் ஒலிபெருக்கி சொல்லிவிடுகிறது. தேரடியிலேயே இறங்கிவிட்டார். "பேசறதுக்குன்னே ஒரு பொம்பளைய வெச்சிருக்கானுங்க. நாம சொல்றது எதையும் அது கேக்க மாட்டேங்குது."

அவரை ஜெயித்த ஒரே ஆள், தண்டையார்ப்பேட்டையில் கூடையோடு ஏறிய காசிமேட்டு மீன்கார அம்மாள்.

"எங்க எறங்குவீங்க, அக்கா?"

"இன்னாத்துக்கு? சீட்டு வோணுமா? நீ எங்க எறங்குவ? எத்தினி புள்ளைங்க? பெரியவனுக்கு இன்னும் கண்ணாலம் ஆவலியா? ஏன்?"

கத்திவாக்கம் வந்ததே தெரியவில்லை. எண்ணூரில் அவர் எழுந்தபோது அந்த அம்மாள் மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினாள்.

"உன் நம்பர நீயே போட்டுக் குடு, எனுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பொண்ணு இருந்தா சொல்றேன்."

"பேரு என்னான்னு போட?"

"எண்ணூரு லொடலொடன்னு போடு."

அண்ணாத்தே ஓர் எழுத்தும் விடாமல் அடித்துக் கொடுத்தார்.