கிண்ணத்தில் தெரிந்த நந்தி

அறுபது முடிந்தால் திருக்கடையூர் போவது ஊர் வழக்கம். எங்கள் மாப்பிள்ளை பெங்களூரில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவர், அவர் வழக்கம் வேறு. "மாமா, திருக்கடையூர் எங்கயும் போயிடாது. இந்த சனிக்கிழமை இங்க வாங்க. ஒரு வியட்நாம் ரெஸ்டாரன்ட் இருக்கு" என்றார் போனில். மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியுமா? ஏரியூரில் ஏறி, பென்னாகரத்தில் மாறி, தர்மபுரியில் மாறி, பெங்களூர் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அறுபத்தொன்று நடந்துகொண்டிருந்தது.

வியட்நாம் எனக்குப் புதிதல்ல. 1975-ல் அங்கே சண்டை ஓய்ந்த செய்தியை டீக்கடையில் ஒருவர் பேப்பரை விரித்து உரக்கப் படித்தபோது, பத்து வயசுப் பையனாக வாய் பிளந்து கேட்டவன் நான். அமெரிக்காக்காரனையே திருப்பி அனுப்பிய ஊர் என்று அன்றைக்கே ஒரு மரியாதை. இப்போது தூத்துக்குடியில் வியட்நாம் கார் கம்பெனியே வந்துவிட்டது. அவர்கள் சோறு பெங்களூர் வரைக்கும் வராதா என்ன?

உள்ளே நுழைந்ததும் இருட்டு. "ஏங்க, கரண்டு போயிடுச்சா?" என்றாள் என் வீட்டுக்காரி. போகவில்லையாம். அப்படித்தான் வைப்பார்களாம். காசு ஏற ஏற வெளிச்சம் குறையும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மெனு அட்டையை மகள் செல்போன் டார்ச் அடித்துக் காட்டினாள். பெயர்களை என்னால் படிக்க முடியவில்லை. பெயருக்கு எதிரே, ரூபாய் குறிகூட இல்லாமல், வெறும் எண் போட்டிருந்தார்கள். பெயர் வாயில் நுழையாதவர்களுக்காகப் போட்ட நம்பர் என்று நினைத்து, சர்வரிடம் கம்பீரமாக "எனக்கு ஒரு 650" என்றேன். மேஜைக்கு அடியில் மகள் என் காலை மிதித்தாள்.

அந்த 650-க்குப் பெயர் ஃபோ. நான் சொன்ன மாதிரி சொல்லக் கூடாதாம். குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு கேள்வி கேட்கிற மாதிரி மேலே தூக்க வேண்டுமாம். அந்த மொழியில் ஆறு சுருதி, சுருதி மாறினால் அர்த்தமும் மாறிவிடும் என்றார் மாப்பிள்ளை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஒரே சுருதியில் அறுபது வருஷம் ஓட்டியவன் நான். வாயை மூடிக்கொண்டேன்.

கறுப்பு ஏப்ரன் கட்டிய சர்வர் கையைக் கட்டிக்கொண்டு இங்கிலீஷில் விளக்கினார். எலும்பை மணிக்கணக்காகச் சிறுதீயில் கொதிக்கவிட்டு, இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் சுட்டுப் போட்டு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ சேர்ப்பார்களாம். வியட்நாமின் வடக்கே பிறந்ததாம், அங்கே மாட்டெலும்பாம், நமக்குக் கோழியிலும் உண்டாம். மகள் மொழிபெயர்க்க, என் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஆட்டுக்கால் சூப்புல சந்தவைய போட்டிருக்காங்க, அவ்வளவுதானே?" என்றாள். மகள் அதைத் திருப்பி மொழிபெயர்க்கவில்லை.

கிண்ணம் வந்தது. கிண்ணம் என்பது மரியாதைக்கு, எங்கள் வீட்டுக் குண்டான் அளவு. மேலே கொத்துமல்லித் தழை மிதக்க, தெளிந்த தண்ணீர். வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மேட்டூர் அணை 120 அடி நிறைந்தால் இப்படித்தான் எங்கள் நாகமரையில் பரந்து நிற்கும். தண்ணீர் இறங்கினால்தான் பன்னவாடிப் பக்கம் மூழ்கிக் கிடக்கிற பழைய சர்ச் கோபுரமும் நந்தி சிலையும் மெல்லத் தலைகாட்டும். நானும் கரண்டி கரண்டியாக நீர்மட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். பாதியில் ஒரு கோழித்துண்டு தலைதூக்கியது. "நந்தி தெரியுது" என்றேன். மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அவர் கோயம்புத்தூர்ப் பக்கம்.

ருசி? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடித்ததும் பஸ் அலுப்பெல்லாம் இறங்கிவிட்டது. சளி பிடித்த நாளுக்காக ஒரு குண்டான் ஊருக்கு எடுத்துப்போக முடிந்தால் தேவலை என்றிருந்தது. ஆனால் சூப்புக்கு அடியில் கிடந்த சந்தவையை இரண்டு குச்சியால் எடுக்கச் சொன்னார்கள். களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கிப் பழகிய கை இது. தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் இன்னொருத்தரை வைத்துப் பழக்கமில்லை. குச்சி ஒன்று பக்கத்து மேஜைக்கே போய்விட்டது.

சங்கடத்தை மறைக்க நான் சரித்திரத்தில் இறங்கினேன். சைகோன் என்ற ஹோ சி மின் நகரத்தில், பென் தான் மார்க்கெட் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் இருக்கிறது, வட்டிக்கடை வைக்கப் போன நகரத்தார் முருகனுக்கும் அங்கே கோயில் கட்டினார்கள், பிரெஞ்சுக்காரன் ஆண்டபோது புதுச்சேரிக்காரர்கள் உத்தியோகத்துக்குப் போய், திரும்பி வரும்போது அந்த ஊர்ச் சமையலையும் கொண்டுவந்தார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். "அந்தக் காலத்துலயே மாரியாத்தா கடல் தாண்டிப் போயிருக்கா. இந்த மனுசன் பெங்களூர் வர்றதுக்கு ஒரு வாரம் யோசிச்சாரு" என்றாள் வீட்டுக்காரி. சரித்திரம் அத்தோடு முடிந்தது.

அடுத்து ஒரு சின்னக் கிண்ணத்தில் பொன்னிறமாக ஏதோ வந்தது. வியட்நாமின் உயிர்நாடியே இதுதான் என்றார் சர்வர். நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி, ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறவிட்டு வடிக்கிற மீன் சாஸாம். ஃபூ குவோக் என்ற தீவில் வடிப்பதற்குத் தனிப் பேராம். அதில் எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்த்திருந்தார்கள். வீட்டுக்காரி மோந்து பார்த்தாள். "கருவாடு கழுவின தண்ணி."

சர்வரின் கைக்கட்டு அவிழ்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குனிந்து, "வேலைக்குச் சேந்த அன்னிக்கு நானும் அதையேதாங்கம்மா சொன்னேன்" என்றார். "எனக்குப் பாலக்கோடுங்க."

அப்புறம் அது வியட்நாம் ஓட்டலாக இல்லை, தர்மபுரி பஸ் ஸ்டாண்டு ஆகிவிட்டது. ஏரியூரில் எந்தப் பக்கம், நாகமரையில் இப்போது பரிசல் ஓடுகிறதா, மழை உண்டா என்று விசாரித்தார். "உங்களுக்கெல்லாம் இங்க என்ன சாப்பாடு தம்பி?" என்று கேட்டாள் இவள். "சாம்பார் சாதங்கம்மா." குச்சியைத் தூரப் போடச் சொன்னவரும் அவர்தான்.

கடைசியாக ஒரு தட்டில் கண்ணாடி மாதிரி வட்ட வட்டமாக அரிசித் தாள், பக்கத்தில் வெந்நீர், புதினா, இலைக்கோஸ், இறால். நாமே சுருட்டிக்கொள்ள வேண்டும். அரிசி மாவைத் துணிமேல் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் காய வைப்பார்களாம். பாலக்கோட்டுத் தம்பி சொல்லி முடிப்பதற்குள், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக் காக்கா ஓட்டியவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தாளை வெந்நீரில் ஒரு முக்கு முக்கினாள். உள்ளங்கையில் விரித்தாள். நடுவில் தழையும் இறாலும் வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, கட்டை விரலால் அமுக்கிக்கொண்டே ஒரு சுருட்டு. வெற்றிலை மடிக்கிற அதே கை. உள்ளேயிருந்த இறால் சிவப்பாகத் தெரிந்தது. நான் சுருட்டியது கிழிந்து, புதினா சட்டைப்பையில் விழுந்தது. பக்கத்து மேஜைப் பெண்கள் எழுந்து வந்து இவளிடம் சுருட்டக் கற்றுக்கொண்டு போனார்கள்.

காபிக்கு, டம்ளர் மேல் ஓட்டைபோட்ட சின்னத் தகரக் குவளை, டம்ளர் அடியில் மில்க்மெய்ட். சொட்டுச் சொட்டாக இறங்கியது. காபி விளைச்சலில் பிரேசிலுக்கு அடுத்த நாடாம் வியட்நாம். அவ்வளவு விளைந்தும் எங்கள் டம்ளருக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று புரியவில்லை. எண்பத்திரண்டு சொட்டு வரை எண்ணினேன். பில் அதற்குள் வந்துவிட்டது. அந்தக் காசுக்கு நாகமரையில் மீன் வாங்கினால் தூக்கி வர ஆள் வைக்க வேண்டும்.

மாப்பிள்ளை மனசு நோகக் கூடாதே என்று, கிளம்பும்போது "எல்லாத்தையும் விட அந்த மீன் சாஸ்தான் மாப்பிள்ளை பிரமாதம்" என்று சொல்லித் தொலைத்தேன். பத்தாவது நாள் ஏரியூருக்குப் பார்சல் வந்தது. ஆறு பாட்டில். அதில் ஒன்று வழியிலேயே கசிந்திருந்தது.

மீதி ஐந்தும் பரணில் இருக்கின்றன. வேண்டியவர்கள் தாராளமாக வந்து எடுத்துப் போகலாம். பஸ்ஸை விட்டு இறங்கி யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. வாசலில் ஊர்ப் பூனைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கிற வீடு.