முன் சீட்டு மாமா

கோடை விடுமுறைக்கு வேன் பேசி, மலைக்கும் கடலுக்கும் கிளம்பும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், ஓட்டுநருக்கு இடப்பக்கம் அமர்ந்து, வண்டியை ஓட்டாமலே ஓட்டிக்கொண்டு வரும் ஒருவர் அதில் தவறாமல் இருப்பார். உறவுமுறையில் அவர் சிலருக்குச் சித்தப்பாவாகவும் சிலருக்கு அத்தானாகவும் இருக்கக்கூடும் என்றாலும், பயணம் முடியும்வரை எல்லோருக்கும் அவர் மாமாதான். வயது ஐம்பதைத் தாண்டியிருத்தல், சித்திரை வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருத்தல், ‘இந்த ரூட்டு நமக்கு அத்துப்படி’ என்று யாரும் கேட்காமலே அறிவித்திருத்தல் ஆகிய மூன்றும் இவ்வினத்தின் பொது இலக்கணம். வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்த இலக்கணத்தில் சேராது. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு ஓட்டுநரின் சிரமம் புரிந்துவிடுவதால், அவர்கள் இந்தப் பதவிக்கு வருவதே அரிது.

மதுரையில் புறப்பட்டு, கொடைக்கானல் ஏறி இறங்கி, நாகர்கோவில் வழியாக முட்டம் கடற்கரைவரை போய்த் திரும்பும் பயணத்தில், மலை, ஏரி, பாறைக் கடல் ஆகிய மூன்றும் ஒரே வாடகையில் அடங்கிவிடுவதால், மாமாவின் ஆட்சியை முழு விரிவில் காண அதைவிடப் பொருத்தமான தடம் இல்லை. விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று உத்தரவிட்டு, மூன்றரைக்கே வாசலில் வந்து நின்று, ஆறரைக்குக் கிளம்பும் வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது அவரது முதற்கடமை. மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரைப் பழைய மொய்க் கவரின் பின்புறத்தில் குறித்து, அதைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்துவது இரண்டாவது. வேன் வாடகை கிலோமீட்டர் கணக்கிலும், ‘பேட்டா’ எனப்படும் ஓட்டுநரின் அன்றாடப் படி நாள் கணக்கிலும் வளர்வதால், பின்சீட்டுக்காரர்கள் அருவியாகப் பார்ப்பதை அவர் எட்டு கிலோமீட்டர் சுற்றாகவும், அவர்கள் சூரிய அஸ்தமனமாகப் பார்ப்பதை அரை நாள் பேட்டாவாகவும் பார்ப்பது இயல்பே.

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகள் இணையத்தில் பதிந்து பெறவேண்டிய அனுமதிச் சீட்டான இ-பாஸை, வத்தலக்குண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அண்ணன் மகள் தன் செல்போனில் எடுத்துத் தருவாள். சோதனைச் சாவடியில் அதே செல்போனைச் சன்னல் வழியே நீட்டி, ‘எல்லாம் முன்னாடியே ஏற்பாடு பண்ணியாச்சு சார்’ என்று சொல்கிற குரல் மட்டும் மாமாவுடையது.

நேர்ச்சரிவில் வண்டியால் ஏற முடியாத மலையில், பாதையை இப்படியும் அப்படியுமாக மடித்துச் சரிவைக் குறைப்பதற்காக அமைக்கப்படும் கொண்டை ஊசி வளைவுகளில்தான் மாமாவின் புலமை வெளிப்படத் தொடங்குகிறது. மலைச்சாலையில் மேலேறும் வண்டிக்கே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது போக்குவரத்து விதி. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மறுபடி நகர்த்துவது கடினம் என்பது அதன் காரணம். மேலே போகும்போது, எதிரே வரும் பேருந்துகளுக்கு இவ்விதியைத் தலையை வெளியே நீட்டி விளக்குகிற மாமா, மறுநாள் கீழே இறங்கும்போது, இறங்குகிற வண்டியை நிறுத்தச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார்.

இறக்கத்தில் அவர் வழங்கும் ஆலோசனை இன்னும் பெறுமதியானது. ஏற எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கினால், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தி பிரேக்கின் சுமையைக் குறைக்கும். நியூட்ரலில் விட்டால் மொத்த எடையும் பிரேக்கின் தலையில் விழுந்து, அது சூடேறிச் செயலிழக்கக்கூடும். ‘நியூட்ரல்ல விடு தம்பி, டீசல் மிச்சம்’ என்று மாமா சொல்ல, ஓட்டுநர் ‘சரிங்க சார்’ என்று மிகுந்த பணிவுடன் தலையாட்டியபடியே இரண்டாவது கியருக்கு மாற்றுவதும், மாற்றிய சத்தத்தைக் கேட்டு, ‘பாத்தியா, இப்ப எவ்வளவு ஸ்மூத்தா போகுது’ என்று மாமா மகிழ்வதும், அந்த முன்னிருக்கைகளுக்கு இடையே நிலவும் நல்லுறவுக்குச் சான்று.

மேலே போய்ச் சேர்ந்ததும் புவியியல் தொடங்கும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், கீழே வாங்கிய சிப்ஸ் பொட்டலங்கள் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கிறாற்போல் உப்பி நிற்கும். மாமா அவற்றை அழுத்திப் பார்த்து, கம்பெனிக்காரன் காற்றை அடைத்து ஏமாற்றுவதாகத் தீர்ப்பளிப்பார். 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வெர் லெவிஞ்ச், ஓடைகளைத் தடுத்து உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரியை, மாமா எரிமலை வாய் என்று அறிமுகப்படுத்துவார். ஆயினும் ஏரியைச் சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் ஆகும் என்பதில் மட்டும் அவரிடம் பிழை காண முடியாது. அது மொய்க் கவரில் ஏறும் எண் அல்லவா? ‘வியூ பாயிண்ட்’ எனப்படுவது, ஒரு பள்ளத்தாக்கும் வேகவைத்த சோளக்கடையும் பார்க்கிங் கட்டணமும் ஒருங்கே அமைந்த இடம். தூண் பாறைக்கு முன்னால் மூடுபனி திரண்டு ஒன்றுமே தெரியாத நாளில், பனி விலகட்டும் என்று மற்றவர்கள் காத்திருக்க, பார்க்கிங்குக்குக் கொடுத்த பணத்தை வெறும் புகைக்குக் கொடுத்ததாகவே மாமா கணக்கெழுதுவார்.

இத்தனை அதிகாரமும் எங்கிருந்து பிறந்தது என்பது வீட்டில் அத்தை ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். வளைவுகளில் வண்டி திரும்பும்போது உடல் அசைவதை உட்செவி உணர்ந்து மூளைக்குச் சொல்ல, முன்சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் எதுவுமே அசையவில்லை என்று சாட்சி சொல்வதால், இரண்டில் எதை நம்புவது என்று குழம்பும் மூளை வயிற்றைக் கலக்கிவிடுவதே பயண வாந்தி. முன்னால் அமர்ந்து சாலையையே பார்த்து வருபவருக்குக் கண்ணும் செவியும் ஒரே சாட்சி சொல்வதால் இத்தொல்லை குறைவு. மாமாவுக்கு முன் சீட்டு கிடைத்தது வழி தெரிந்ததால் அன்று. பின் சீட்டு ஒத்துக்கொள்ளாததால் முன்னால் வந்தவர், வந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே வழியைத் தெரிந்துகொண்டார். இறக்கத்தில் சிறுபிள்ளை எதற்கேனும் குமட்டல் வந்து, ஏகமனதான தீர்மானத்தால் முன் சீட்டு அதற்கு ஒதுக்கப்படும் நாளில், கடைசி வரிசைக்குப் பெயரும் மாமா மூன்றாவது வளைவில் பேச்சை நிறுத்துவார். ஐந்தாவது வளைவில், பிளாஸ்டிக் பைக்குத் தடையுள்ள மலை என்பதால் மஞ்சப்பையை மடியில் விரித்து வைத்துக்கொள்வார். அவர் வழிகாட்டாமலே வண்டி வத்தலக்குண்டை அடைந்துவிட்டதைக் குடும்பம் கவனிப்பதற்குள், சமதரையில் முன் சீட்டு மீட்கப்பட்டிருக்கும்.

காவல்கிணற்றில் நாகர்கோவில் சாலைக்குத் திரும்பியதும், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கிப் புகுந்து வேகமெடுப்பதைப் பயன்படுத்த முப்பந்தலில் நிறுத்தப்பட்டிருக்கும் காற்றாலைகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சுழலும். பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்க, ‘ஒரு காத்தாடி என்ன விலை வரும்?’ என்று ஓட்டுநரிடம் விசாரிப்பார் மாமா. முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே அலைகள் வந்து மோதும் பாறைகளைக் கண்டதும், அங்கே படமாக்கப்பட்ட ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) ஆகியவற்றின் காட்சிகளைப் பாறைவாரியாக விளக்குவார். எந்தக் காட்சிக்கு எந்தப் பாறை என்பது ஒவ்வொரு பயணத்திலும் மாறும். ‘பாசி வழுக்கும், யாரும் மேல ஏறாதீங்க’ என்று அவர் சொல்வது இப்பயணத்தில் அவர் சொல்லும் முழு உண்மை. அதையும் பாறை மேல் நின்றுகொண்டுதான் சொல்வார்.

இன்னொரு நாள் தங்கினால் அறை வாடகையும் பேட்டாவும் கூடும் என்பதால், திரும்பும் பயணம் எப்போதும் இரவில்தான். திருநெல்வேலி தாண்டும்போது குடும்பம் முழுவதும் தோளில் தோள் சாய்ந்து தூங்கிவிட, நான்குவழிச் சாலையில் விழித்திருக்க வேண்டியவர் ஓட்டுநர் ஒருவர்தான். நேரான சாலையும் இருட்டும் சீரான எஞ்சின் ஓசையும் ஓட்டுபவரைக் கண்ணயர வைக்கும் என்பது சவாரிக்காரர்கள் அனைவரும் அறிந்தது. அந்நேரத்தில் மாமா கொடைக்கானல் எரிமலை கடைசியாக எப்போது வெடித்தது என்று ஆரம்பிப்பார். அது எரிமலை இல்லை என்று ஓட்டுநர் மறுப்பார், மாமா விடமாட்டார், வழக்கு சாத்தூர்வரை நீளும். சரியான தகவல்களை மட்டுமே சொல்லும் அறிஞர் ஒருவரை அந்த இருக்கையில் அமர்த்தினால், மறுத்துப் பேச ஏதுமின்றி, கோவில்பட்டிக்கு முன்பே ஓட்டுநர் தூங்கிவிடக்கூடும்.