மாமி முழுகப் போன நேரத்தில் எழுதியது

லண்டன்
2025 செப்டெம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது.  

எந்த நாளும் வீடியோவில கதைக்கிறவன் என்னத்துக்குக் கடிதம் எழுதுறான் என்று யோசிப்பீங்க. மொரீசியஸ் பயணம் எப்படி என்று நீங்க கேட்டப்ப "நல்லம், நல்லம்" என்று மட்டும் சொன்னன். மாமி பக்கத்தில இருந்தா, அக்கா. இப்பவும் இங்கதான் இருக்கா. மாமாவை மட்டும் ரொறன்ரோவுக்கு ஏத்தி அனுப்பிட்டு, பேத்திக்குப் பல் முளைக்கும்வரை நிப்பன் என்று சொல்லிட்டா. இன்றைக்கு எண்ணெய் தேய்ச்சு முழுகுற நாள். உண்மையை எழுத எனக்கு ஒரு மணித்தியாலம் கிடைச்சிருக்கு.

பிள்ளையைச் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே இடத்தில கூடிப் பார்க்கணும் என்று குடும்பக் குழுவில பேச்சு எழும்பிச்சு. நான் நம்மட ஊர் சம்பூர் என்றன். "எட்டு மாசப் பிள்ளைக்கு ஆகஸ்ட் வெயிலும் நுளம்பும் ஆகாது, ஒரு வயசு கழியட்டும்" என்று மாமி தள்ளுபடி செய்தா. பாரிஸ் மச்சான்தான் மொரீசியஸைக் கொண்டுவந்தவர். கடல் இருக்கு, கோயில் இருக்கு, தமிழாக்கள் இருக்காங்க, பிரெஞ்சு கதைச்சாப் போதும் என்று அடுக்கினார். ரொறன்ரோவுக்கு அது பூமியின்ட மற்றப் பக்கம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். மாமாவுக்கு அந்தக் குழுவில வாசிக்கத்தான் அனுமதி.

லண்டனிலிருந்து 12 மணித்தியாலப் பறப்பு. கைப்பிள்ளைக்காரருக்கு விமானத்தில முன்சுவரில ஒரு தொட்டில் பூட்டித் தருவாங்க. எங்கட தொட்டிலில பால்போத்தலும் பம்பர்ஸும் நல்லா நித்திரை கொண்டது. உங்கட மருமகள் 12 மணித்தியாலமும் என்ட நெஞ்சில ஏறி நின்று, பின்சீட்டு வெள்ளைக்காரனோட கதைச்சுக்கொண்டு வந்தா.

இறங்கினா, குளிர். மொரீசியஸ் பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிடக்கு, ஆகஸ்ட் அங்க குளிர்காலம். மச்சான் வீடு பிடிச்சது கிழக்குக் கரையில, பெல் மேர் என்ற இடத்தில. நம்மட ஊரில கச்சான் அடிக்கிற மாசங்களில அங்க தென்கிழக்குக் காத்து பலமா அடிக்கும், கிழக்குக் கரை அதுக்கு நேர முகம். "படத்தில தென்னை நேராத்தான் நின்றது" என்று மச்சான் கடைசிநாள்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமி ரொறன்ரோ மார்கழிக்கு வாங்கின ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரையில இருந்தா. பெட்டி கட்டும்போது அதை வைக்க வேணாம் என்று சொன்னவங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா நிமிர்ந்து பார்த்தா.

மாமாவைத் தெரியும்தானே, கட்டைபறிச்சான் ஆள், வரலாறு படிப்பிச்ச வாத்தியார். இறங்கின உடன கேட்டார்: "இந்த நாடு மொத்தமே 2,040 சதுர கிலோமீற்றர். எங்கட திருகோணமலை மாவட்டம் 2,700க்கு மேல. இருக்கிறதை விட்டிட்டுச் சின்னதைப் பார்க்கவா வந்தனாங்க?" பிறகு, 1782ல சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதி இந்தத் தீவிலிருந்து வந்த கப்பல்களோடதான் திருகோணமலைக் கோட்டையைப் பிடிச்சவர் என்று பேரப்பெடியனுகளுக்குப் படிப்பிச்சார். "அவங்க சொல்லாம வந்தவங்க. நாங்க டிக்கெட் எடுத்து வந்திருக்கிறம்" என்று தேத்தண்ணி கொண்டுவந்த பெடியனுக்கும் சொன்னார். மச்சான் அதைப் பிரெஞ்சில மொழிபெயர்க்க மறுத்திட்டார்.

போர்ட் லூயி அருங்காட்சியகத்தில டோடோப் பறவையின்ட எலும்புக்கூடு வைச்சிருக்காங்க. 1598ல ஒல்லாந்தர் வந்து இறங்கி, நூறு வருசத்துக்குள்ள அந்த இனமே இல்லாமல் போச்சு. மாமா கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால வகுப்பெடுத்தார்: "பறக்கத் தெரியாது, ஆளைக் கண்டா ஓடவும் தெரியாது. 2006 சித்திரையில, யுத்தத்துக்குள்ள, சம்பூர்ச் சனம் ஓடத் தெரிஞ்சபடியாத்தான் இண்டைக்கு நீங்க இதில நிக்கிறீங்க." மச்சானின்ட சின்னவன் உடன கேட்டான், "தாத்தா, நீங்க எவ்வளவு வேகமா ஓடினீங்க?" மாமாவுக்கு அந்தக் கேள்வி நல்லாப் பிடிச்சுப்போச்சு. கிளிவெட்டி அகதி முகாம்வரை ஓடிக் காட்டினார்.

அந்த நாட்டுக் காசுத்தாளில தமிழ் இருக்கு என்றதும் மாமா தாளை மாத்தவே விடல்ல. ஆங்கிலத்துக்குக் கீழ தமிழ், அதுக்குப் பிறகு இந்தி. 1998ல புதுத்தாளில தமிழைக் கீழ தள்ளப் போய், தமிழாக்கள் எழும்பிக் கத்தினதில, மத்திய வங்கி அந்தத் தாளையெல்லாம் திருப்பி வாங்கிப் பழைய ஒழுங்கிலயே அடிச்சதாம். "சண்டை பிடிச்சு வாங்கின எழுத்து, இதைக் குடுத்து இளநி குடிக்கிறதா?" என்று கேட்டார். இளநிக் காசை நான்தான் குடுத்தன்.

எங்கட கார்ச்சாரதியும் தமிழ் வழி வந்தவர். முன்கண்ணாடியில முருகன் தொங்குது, வாயில கிரியோல் மட்டும். மாமி அவரோட தமிழில கதைச்சா, அவர் கிரியோலில பதில் சொன்னார். ஃபிளாக் சந்தைக்குப் போய்ச் சேருறதுக்குள்ள அவருக்கு எத்தனை பிள்ளை, மனிசிக்கு என்ன வருத்தம் எல்லாம் மாமிக்குத் தெரிஞ்சுபோச்சு. எப்படி என்று எனக்கு விளங்கல்ல. சந்தையில முருங்கை இலையைக் கட்டுக்கட்டாக் கண்டதும் மாமி ஜாக்கெட்டைக் கழற்றிட்டா. அதோட எங்கட விடுமுறை முடிஞ்சு சமையல் தொடங்கிச்சு.

மூன்றாம்நாள் பிள்ளை விடாம அழுதுது. நான் வயிறு என்றன், உங்கட மச்சாள் பல் என்றா, பாரிஸ் அக்கா காத்து என்றா. மாமி நாவூறு என்று தீர்ப்பளிச்சா. செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டு அடுப்பில எரிச்சா. நாவூறு இருந்தாக் கமறாது என்பாங்கதானே. கமறிச்சு. கூரையில இருந்த புகை மணி தொண்டை கிழியக் கத்திச்சு. காவல்காரர் ரெண்டுபேர் நெருப்பணைக்கிற உருளையோட ஓடி வந்து, தும்மிக்கொண்டு நின்றாங்க. அந்த அமளியைக் கண்டதும் பிள்ளை அழுகையை நிப்பாட்டிட்டுச் சிரிச்சுது. "பார்த்தீங்களா, நாவூறு போச்சு" என்றா மாமி. மருத்துவ உலகம் இதுக்கு என்ன பதில் வைச்சிருக்கு என்று எனக்குத் தெரியாது.

பவளப்பாறை தீவைச் சுத்தி வேலி கட்டினமாதிரிக் கிடக்கிறதால கரையோரக் கடல் இடுப்பளவுதான், அலையில்லை. அந்தக் கரையில வெள்ளைக்காரர் காலையிலிருந்து கதிரையில மல்லாந்து கிடப்பாங்க. ஒரு மனிசி அசையாமல் கிடக்கிறதை மாமி ரெண்டுநாள் கவனிச்சா. மூன்றாம்நாள், "காய்ச்சலோ, ஆளில்லையோ தெரியாது" என்று கொத்தமல்லி அவிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தா. அந்த மனிசி ஓய்வெடுக்க வந்தவவாம். அடுத்தநாளிலிருந்து எங்கட பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறது அவதான்.

எங்களுக்கும் ஓய்வு வேணும் என்று மச்சான் ஒரு இரவு என்னையும் உங்கட மச்சாளையும் மட்டும் கரையோரச் சாப்பாட்டுக்கு அனுப்பினார். மேசை, வெள்ளைத்துணி, மெழுகுதிரி. காத்தில மெழுகுதிரி நிக்கல்ல. இருட்டில இருந்து என்ன கதைக்கிறது என்று யோசிச்சோம். பிள்ளை பால் குடிச்சிருக்குமா என்று அவ கேட்டா, குடிச்சிருக்கும் என்றன். பிறகு நான் கேட்டன், அவ சொன்னா. அப்படியே பார்த்தா, மணலில நிரையா ஆக்கள் வாறாங்க. முன்னுக்கு மாமி, கையில விளைமீன் குழம்பு. பின்னுக்குப் பிள்ளை, மாமா, மச்சான் குடும்பம். "அந்த மனிசர் உறைப்பில்லாமல் சமைப்பாங்க என்று தெரியும்" என்றா. ஆறு கதிரை கூடப் போட்டாங்க. சொல்ல வெட்கம்தான் அக்கா, எனக்கு அப்பதான் பசிச்சுது.

ஓய்வு என்கிற சாமான் நம்மட ஆக்களுக்குச் சரிவராது. லண்டனில நானும் அவவும் மட்டும் பிள்ளையோட தனிச்சு நிக்கிற இரவுகளில, ஓய்வு வேணும் வேணும் என்று புலம்புவோம். அங்க பிள்ளை கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது, அதைத் தேடித் திரிஞ்சே எங்களுக்குக் கால் வலிச்சுது, ஆனா ஒருநாளும் அந்தச் சொல் வாயில வரல்ல.

செலவைக் கணக்குப் பார்த்தப்ப மாமா சொன்னது: "கடல், தென்னை, இளநி, முருங்கை, சொந்தக்காரர். எல்லாம் சம்பூரில காசில்லாமல் கிடக்கு. இவங்கதான் வெயிலை விக்கப் பழகினவங்க." இனி நம்மட ஊரும் பழகத்தானே போகுது. நிலக்கரி மின்நிலையத்தை 2016ல கைவிட்டாங்க, இந்த ஏப்ரலில மோடியும் அநுரவும் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்குத் தொடக்கம் வைச்சிருக்காங்க. வெயில் முழுக்க வித்துப் போகிறதுக்கு முதல் வந்து கொஞ்சம் காய்ஞ்சிட்டுப் போகணும்.

ஆகவே விசயம் இதுதான். அடுத்த வருசம் பிள்ளைக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலில முடி எடுக்க எல்லாரும் அங்க வாறம். குழுவில ஏகமனதா முடிவு, மாமாவும் கையுயர்த்தினார். மாமிக்கு வீட்டுக்குள்ளேயே குளியலறை வேணுமாம். மச்சானின்ட பெடியனுகளுக்கு வைஃபை. மாமாவுக்குத் திண்ணையில ஒரு கட்டிலும், கேட்க ஆளும் போதும். 1660ல கொட்டியாரக் குடாவில பிடிபட்ட ரொபட் நொக்ஸ் 19 வருசம் கழிச்சுத்தான் தப்பின கதையை முழுக்கச் சொல்ல வைச்சிருக்கிறார். விருந்தாளியை லேசில விடாத ஊர் என்று மாமிக்கும் அதைக் கேட்டதிலிருந்து நல்ல சந்தோசம், அதுதான் எனக்குக் கொஞ்சம் யோசனை.

எனக்கு ஒன்றும் வேணாம். அத்தானிட்டச் சொல்லுங்க, குசினிக் கூரையில புகை மணி மட்டும் பூட்ட வேணாம்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி