புகை உண்டு, நெருப்பு இல்லை: கிளம்பாத டிராக்டர் குறித்த ஓர் அளவையியல் ஆராய்ச்சி

மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. இந்திய அளவையியலின் இந்தப் பழம்பெரும் எடுத்துக்காட்டு மணிமேகலையிலும் இடம்பெற்றது. உலகாயதரைத் தவிர வேறெவரும் இதைப் பெரிதாக மறுத்ததில்லை. ஆனால் சம்பா அறுவடை முடிந்து மாசியில் கொட்டகைக்குள் விட்ட டிராக்டரை, மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டிக் கிளப்பிப் பார்க்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி, உலகாயதராகாமலேயே இதை மறுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். சைலன்சரில் வெள்ளைப் புகை குபுகுபுவென்று வருகிறது. நெருப்புதான் இல்லை.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். ரூடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் கொள்கை, தீப்பொறி வேண்டாம் என்பது. இன்றைய டிராக்டர் எஞ்சின் காற்றை ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அதற்குள் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆக வேண்டியவை இரண்டே: சூடான காற்று, நேரத்துக்கு வந்து சேரும் டீசல். மூலகர்த்தா 1913இல் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் காணாமல் போனார். ஜூன் மாதத்தில் மெக்கானிக்குகள் காணாமல் போகும் மரபு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது இவ்வாசிரியரின் துணிபு.

இனிப் பூர்வபட்சம். செல்ஃப் முனகும் சத்தம் கேட்டதுமே உரையாசிரியர்கள் கூடிவிடுவார்கள். "மாப்ள, ஏர் பிடிச்சிருக்கும்" என்பது முதல் உரை. "அட நீங்க வேற மாமா, பேட்டரி டவுனு" என்பது மறுப்புரை. "பேசாம இன்னொரு வண்டியில கட்டி இழுத்துருங்கண்ணே" என்பது மூன்றாவது. இது காரணம் எதையும் ஆராயாததால், தத்துவத்தில் சேர்ப்பதா வழிபாட்டில் சேர்ப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்லும். இங்கே மூவரும் நிற்பது உரையின் மேல் மட்டுமே. போன வருஷம் யாரோ ஒருவர் வண்டிக்கு அதுதான் ஆயிற்றாம். காட்சி அளவையோ சைலன்சர் வாயில் நின்றுகொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் யாரும் திரும்புவதில்லை.

செல்ஃப் சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. அந்தப் புகை எரியாத டீசலின் ஆவி. குளிர்நாட்டுக் கையேடுகள் இதற்குக் குளிரையே முதல் காரணமாகச் சொல்லும். கத்திரி வெயிலின் மிச்சம் காயும் தஞ்சாவூருக்கு அந்தப் பாடம் செல்லாது. இங்கே சந்தேகம் முதலில் விழ வேண்டியது பேட்டரியின் மேல். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால், நசுங்கும் காற்று ரிங் இடுக்கில் கசிந்துவிடுகிறது, இருக்கிற சூட்டையும் சிலிண்டர் சுவர் குடித்துவிடுகிறது. டீசல் வரும், பற்றவைக்க ஆளிருக்காது.

"ஹெட்லைட் பளிச்சுனு எரியுதே, அப்புறம் எப்படி பேட்டரி வீக்கு?" என்ற புகழ்பெற்ற வாதத்தை இங்கே எதிர்கொள்ள வேண்டும். தர்க்க நூலார் ஏதுப்போலி என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஹெட்லைட் பல்புக்கு 5 ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டார் சில நூறு ஆம்பியர் கேட்கும். வாய்க்காலில் கால் நனைகிறது என்பதற்காக மூன்று போகம் பாயும் என்று சொல்ல முடியுமா? செல்ஃப் அடிக்கும்போது அதே விளக்கு செத்துப்போனால் வழக்கு முடிந்தது. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, சும்மா இருந்தாலே மாதக்கணக்கில் தானாக வடியும். டெர்மினலில் பூத்த பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவி இறுக்கினாலே பாதி வண்டிகள் கிளம்பிவிடும். அது ஆய்வுக்கு உரிய பெருமை இல்லாத வேலை என்பதால் யாரும் முன்வருவதில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் வெள்ளைப் புகையே வந்தால் டீசலில் தண்ணீரைத் தேடலாம். டேங்கைப் பாதி காலியாக விட்டால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் இரவில் வியர்த்து அடியில் தங்கும். பில்டர் அடியிலுள்ள திருகைத் திறந்தால் முதலில் இறங்குவது அதுதான். கரும்புகை வந்தால் ஏர் கிளீனரைத் திறக்கவும். எலிக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கக் கூடும்.

புகையே இல்லாத நிலையில் ஏர்வாதியின் கட்சி வலுக்கிறது. இறுகிப்போன வாஷர் வழியே காற்று நுழைந்து, லைனில் இருந்த டீசல் டேங்குக்கே திரும்பியிருக்கும். காற்று நசுங்குமே தவிர நாசிலைத் திறக்காது. ஆகவே ஏர் எடுக்க வேண்டும். முதலில் பில்டர், பிறகு பம்பு, கடைசியாக நாசில் பைப் நட்டு. இந்த வரிசையை மாற்றிப் பாடம் ஓதுகிறவர்கள் மாலை வரை ஓதுவார்கள். நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை கைப்பம்பை அடிக்க வேண்டும். லீவர் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுத வேண்டாம். உள்ளே கேம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. எஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டால் லீவருக்குப் பிடிப்பு வரும். நாசில் பீச்சுவதை விரலால் தொட்டுச் சோதிப்பது மட்டும் கூடாது. அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும், இதில் வேடிக்கை இல்லை.

ஏர் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று உண்டு. மாசியில் வண்டியை நிறுத்த இழுத்த ஸ்டாப் ஒயர் உள்ளே போயிருக்கிறதா என்று பார்ப்பது. துருப்பிடித்து வெளியிலேயே நின்றுவிட்டால் பம்பு டீசலைத் தராது, தராததுதான் முறை. மூன்று உரையாசிரியர்களும் இதைப் பார்ப்பது எல்லா நட்டுகளையும் கழற்றிய பிறகுதான்.

தடுப்பு முறைகளில் கருத்து வேறுபாடே இல்லை. டேங்கை நிரப்பி நிறுத்த வேண்டும், பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றி வைக்க வேண்டும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை கிளப்பி எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விட வேண்டும். மூன்றையும் மாமா, மாப்ள, அண்ணன் எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அந்த டீசலுக்கு யார் காசு கொடுப்பது என்று வண்டிக்காரர் கேட்டபோது சபையில் யாரும் இல்லை.