மண் அளைதலின் இலக்கணம்

பாயிரம்

விருத்தாசலத்தில் எதையும் ஐந்தாகப் பிரித்தால்தான் மதிப்பு. பழமலைநாதர் கோயிலில் கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேரும் ஐந்து. ஐந்துக்கு அடங்க மறுத்த ஆகமங்களை மட்டும் 28 லிங்கங்களாக்கித் தனி வரிசையில் அமர்த்திவிட்டார்கள். ஆகவே, பிள்ளைகளுக்கு இயற்கையைக் கையால் கற்பிக்கும் செயல்களை வகுக்கப் புகுந்த இச்சிறுநூலும் ஐந்து இயல்களை உடையது. ஆறாவதாக ஒன்று நுழையும். அதற்குரிய காரணம் அவ்விடத்தில் சொல்லப்படும்.

களம் இவ்வூரானது ஏன் எனின், மண்ணின் எல்லாப் பருவங்களையும் ஒரு சைக்கிள் மிதிக்குள் காட்டவல்ல ஊர் இது. மணிமுத்தாற்றில் மணல். ஊரைச் சுற்றி முந்திரியும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் விளையும் கொல்லை. செராமிக் தொழிற்பேட்டையிலோ களிமண் கூழாகி, அச்சில் இறங்கி, சூளை ஏறி, பொம்மையாகவும் அகல்விளக்காகவும் வெளியே வருகிறது. செராமிக் படிப்புக்கென்றே அரசுப் பயிலகமும் உண்டு. இத்தனைக்கும் நடுவே வாழும் பிள்ளை, மண்ணைப் பற்றிய பாடத்தை நான்கு வண்ணப் படத்தில் பார்த்து, விடையைக் கோடிட்ட இடத்தில் நிரப்புகிறது. இந்நூல் எழுந்த காரணம் அதுவே.

இனி, வைப்புமுறை. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் அடுக்குகிறார். முதலில் தொடுவுணர்வு, பின் நாக்கு, மூக்கு, கண், காது, ஆறாவதாக மனம். தொடுவுணர்வு மட்டும் உடையவை புல்லும் மரமும். நம் வகுப்பறை இந்த அடுக்கின் மேல்பாதியில் தொடங்கி அங்கேயே முடிகிறது. பிள்ளை கரும்பலகையைக் காண்கிறது, ஆசிரியர் சொல்வதைக் கேட்கிறது. புல்லுக்கும் வாய்த்த முதல் அறிவு, சுற்றுச்சூழல் பாடவேளையில் பிள்ளைக்கு வாய்ப்பதில்லை. இந்நூல் கீழ்ப்படியிலிருந்து ஏறும்.

நூல் வழி

நூல்கள் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படும் என்பது நன்னூல் கணக்கு. இத்துறையில் முதல்நூல் மண். வழிநூல்கள் பல. ஜெர்மனியில் 1837-ல் குழந்தைகளுக்கென்று பள்ளி தொடங்கிய ஃபிரோபெல், களிமண் பிடிப்பதைப் பாடத்திட்டத்துக்குள் சேர்த்தார். 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி, கைத்தொழில் வழியே எல்லாப் பாடத்தையும் கற்பிக்கலாம் என்றார். 1939-ல் அடையாறுக்கு வந்த மரியா மாண்டிசோரி, கைதான் குழந்தையின் அறிவுக்கு வாசல் என்று நம்பியவர். சார்புநூல்கள் அரசு சார்ந்தவை: 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2001-02-ல் தேசியப் பசுமைப்படை பள்ளிகளுக்கு வந்தது. மூன்றுக்கும் வெளியே நான்காவது ஒன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய தெர்மாகோல் அட்டையில் மழைக்காடு செய்து, 'நெகிழியைத் தவிர்ப்போம்' என்று அதன்மேல் எழுதி ஒட்டும் அந்த மரபை முரண்நூல் என்க.

அந்நன்னூலில் பவணந்தியார் மாணாக்கரை வகுத்தபோது சிலரை இல்லிக்குடம் என்றார்; அதாவது ஓட்டைக் குடம், ஊற்றியதெல்லாம் ஒழுகிப்போகும் கடைமாணாக்கர். அந்தக் குடத்தை மாணாக்கர் கையிலேயே கொடுத்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்லியிருந்தால் கடை தலையாகியிருக்கும் என்பது இந்நூலாசிரியர் துணிபு.

முதலாவது: உற்றறிதல்

இது பிசைதல், கரைத்தல், வேர்த்தல் என மூன்றாய் விரியும்.

பிசைதலாவது, மண்ணை ஈரமாக்கி உருட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுவது. ஆற்று மணல் நாடாவே ஆகாது, உதிரும். வயல்மண் ஓர் அங்குலம் ஓடி அறும். நல்ல களி இரண்டு அங்குலம் தாண்டியும் தொங்கும். மண்ணியல் அறிஞரும் வயலில் நின்று இதைத்தான் செய்கிறார். உலர்ந்த களிமண் தூசியை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. ஆதலால் ஈரத்திலேயே பிசைக என்பது விதி.

கரைத்தலாவது, சுடாத அகல் ஒன்றையும் சுட்ட அகல் ஒன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பது. மறுநாள் முதல் கிண்ணத்தில் சேறு இருக்கும். இரண்டாவதில் அகல் அப்படியே இருக்கும். ஏறத்தாழ 500, 600 டிகிரி சூட்டில் களிமண்ணின் உள்ளமைப்பிலேயே பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதன்பின் எத்தனை ஆடி வெள்ளம் வந்தாலும் அது மண்ணாகாது. இச்செயலை நினைவில் வைக்க. ஆறாம் இயலில் இது மீண்டும் தேவைப்படும்.

வேர்த்தலாவது, மண்பானையிலும் பளபளப்புப் பூசிய செராமிக் ஜாடியிலும் தண்ணீர் வைத்து, மதியம் இரண்டையும் தொட்டுப் பார்ப்பது. பானை நுண்துளை வழியே கசிந்து, கசிந்தது ஆவியாகி, உள்ளிருப்பதைக் குளிர்விக்கும். ஜாடிக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதே பானையை முந்திரிக் கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பினால் கன்று வேண்டிய மட்டும் குடிக்கும். ஒழுகும் குடத்துக்கு இப்படியொரு தலைமை உண்டென்பது நன்னூலுக்குப் பிற்சேர்க்கை.

இரண்டாவது: சுவைத்தறிதல்

இவ்வியல் விதியைவிட விலக்கு மிகுதியும் உடையது. மண்ணைத் தின்னற்க. சில மெருகுப் பூச்சுகளில் ஈயம் இருக்கும். ஆதலால் பொம்மையை நக்கற்க. பூச்சிடாமல் ஒருமுறை சுட்ட பண்டம் நாக்கில் ஒட்டிக்கொள்ளும் என்பதைத் தொழிலறிந்தவர் அறிவர். பிள்ளைகள் நாக்குக்குப் பதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அது உறிஞ்சப்படும் வேகத்தைப் பார்த்தால் போதும்.

விதி, முந்திரிக்கு உரியது. பழத்தைக் கடித்தால் தொண்டை வரை துவர்க்கும், சாறு சட்டையில் கறையாகும். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்குவது ஏன் என்று பிள்ளை கேட்கும். நாம் பழம் என்பது உண்மையில் பருத்த காம்பு, கொட்டையே கனி. பச்சைக் கொட்டையைக் கடிக்க விடலாகாது. ஓட்டிலுள்ள எண்ணெய் உதட்டைப் புண்ணாக்கும். தன் விதையைக் காக்க மரம் செய்த ஏற்பாடு அது. பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்த இம்மரத்துக்கு விருத்தாசலத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே உருவான ரகங்கள் வி.ஆர்.ஐ. என்று ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கின்றன.

மூன்றாவது: மோந்தறிதல்

சித்திரை வெயிலில் காய்ந்த தோட்டத்து மண், சுட்ட அகல், மெருகிட்ட கோப்பை மூன்றையும் வரிசையாக வைத்து நீர் தெளித்து மோக்க. மண்ணும் அகலும் மணக்கும், கோப்பை மணக்காது. 1964-ல் ஆஸ்திரேலியாவின் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் களிமண் வாசனையை ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். காய்ந்த மண்ணும் பாறையும் செடிகொடிகளின் எண்ணெய்ப் பொருள்களைப் பிடித்து வைத்திருந்து, ஈரம் பட்டதும் விடுகின்றன என்பது அவர்கள் கண்டது. மண்ணுயிரிகள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும் அதில் சேரும்; காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ்காரர்கள் சுட்ட மண் வில்லைகளை வாலையில் வடித்து இம்மணத்தை அத்தராக விற்று வருகிறார்கள். விருத்தாசலத்தில் அது மழை நாளில் இலவசம்.

நான்காவது: கண்டறிதல்

சும்மா பார்ப்பது இவ்வியலில் சேராது. கை வைத்த பின் காத்திருந்து பார்ப்பதே சேரும்.

ஊறுகாய் பாட்டிலில் மண்ணும் நீரும் இட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்தில் படியும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். களி மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஏரி ஏன் வெள்ளத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் செந்நிறமாய் இருக்கிறது என்ற கேள்விக்கு விடை அலமாரியிலேயே கிடைக்கும்.

ஓரம் உடைந்து விற்காமல் போன செராமிக் ஜாடியில் மல்லாட்டை ஒன்றை ஊன்றுக. நான்கு வாரத்தில் மஞ்சள் பூ வரும். பூ வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது இறங்கி மண்ணுக்குள் நுழைந்து, அங்கே காயாகும். 'மல்லாட்டை வேரில் காய்க்கிறது' என்று சாதிக்கும் பெரியவரைப் பிள்ளை ஜாடியோடு சென்று சந்திக்கலாம்.

பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் அதன் இலையைப் பணியாளர்க்குக் கூலியாகக் கொடுத்தார் என்றும், உழைத்த அளவுக்கு அது பொன்னாயிற்று என்றும் தலபுராணம் சொல்லும். ஆற்றங்கரைச் சீமைக்கருவேலம் இதற்குத் தூரத்துச் சொந்தம். வன்னிக்குக் கணுக்களின் இடையிலும் முள் சிதறியிருக்கும். சீமைக்கருவேலத்துக்குக் கணுவில் இரட்டையாக இருக்கும். இவ்வேறுபாட்டைக் குத்துப்பட்டுக் கற்றவர் மறப்பதில்லை.

ஐந்தாவது: கேட்டறிதல்

சிறிது சொல்வோம். சுட்ட பானையைச் சுண்டினால் கணீர் என்னும். கீறல் விழுந்தது சொத்தென்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது சொல்லும் என்று சந்தையில் பானை வாங்கும் ஆத்தாவுக்குத் தெரியும். பேரனை உடன் அழைத்துச் சென்று அவன் விரலால் தட்டச் செய்தால் இயல் முடிந்தது.

ஆறாவது: மனத்தால் அறிதல்

இது முன்னைய ஐந்தின் விளைவாதலால் மிகை ஆகாது.

சுந்தரர் இவ்வூரில் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது புராண வரலாறு. அவர் செய்த ஒன்றை அறிவியல் ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. ஆற்றில் இடுமுன் ஒரு துண்டை வெட்டி மச்சமாகக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் வந்ததை அதோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்த்தார். எந்தச் சோதனைக்கும் ஒப்பிட ஒரு மாதிரி தேவை என்ற விதிக்கு இதைவிடப் பழைய உள்ளூர்ச் சான்று வேண்டியதில்லை. தண்ணீரில் ஊறப் போடாத மூன்றாவது அகல் ஒன்றை அலமாரியில் வைத்த பிள்ளை சுந்தரர் வழியினர்.

ஆனால் இன்று ஆற்றில் இடும் பொருள் திருவாரூருக்குப் போவதில்லை. மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேரும். வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலடையும். பாலத்திலிருந்து எறிந்த பிஸ்கட் உறை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கும் ஊர்ப்பக்கமே போகும். இதை வரைபடத்தில் விரலால் ஓட்டிக் காட்டுக.

இனி, ஊற வைத்த அகல்கள். பச்சை மண் திரும்பும். சுட்ட மண் திரும்பாது. விநாயகர் சதுர்த்திக்குச் சுடாத களிமண் பிள்ளையார் கரைவதும், பாரிஸ் சாந்துப் பிள்ளையார் கரை ஒதுங்குவதும் இதன் கிளை. 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பாரிஸ் சாந்துச் சிலைகளுக்குத் தடை சொல்லி எழுதிய நெறிமுறை முழுவதும் இவ்விரு கிண்ணங்களின் உரைவிரிவே. விருத்தாசலத்தில் அந்தச் சாந்து அச்சாகி, மண்கூழின் நீரை உறிஞ்சிப் பொம்மைக்கு உருவம் கொடுக்கும். அதற்கு அதுவே உரிய வேலை. சூளையில் ஏறுவது தவறன்று. அகல் வேண்டுமானால் சுட்டே ஆகவேண்டும். எதைச் சுட்டால் மீட்க முடியாது என்று தெரிந்து சுடுவதே அறிவு. நிலக்கரி, காடு, நிலத்தடி நீர் எல்லாம் இவ்விரு கிண்ணங்களுள் ஒன்றில் அடங்கும். சுற்றுச்சூழல் என்னும் பெரும்பாடத்தின் தொகை இவ்வளவே: திரும்புவது, திரும்பாதது. மற்றதெல்லாம் விரி.

புறனடை

செயலைக் கெடுக்கும் பெரியோரையும் வகுத்துச் சொல்லாவிடில் நூல் குறையுடைத்தாகும். அவர் நால்வர். 'சட்டை அழுக்காகும்' என்பவர் முதலாமவர். பிள்ளை மரக்கன்றை நடுமுன் அதன் கையைப் பிடித்துக் கேமராப் பக்கம் திருப்புபவர் இரண்டாமவர். கன்று அடுத்த வாரம் வாடியதை அவர் படம் எடுப்பதில்லை. 'இதற்கு எத்தனை மார்க்?' என்பவர் மூன்றாமவர். இரவு பதினொரு மணி வரை விழித்துத் தாமே எல்லாம் செய்து, பிள்ளை பெயரை எழுதிக் கொடுத்தனுப்புபவர் நான்காமவர். பரிசு பெரும்பாலும் இவருக்கே.

ஐந்தாமவரும் உண்டு. வாளியில் தண்ணீரும் ஒரு கூடை மண்ணும் வைத்துவிட்டு, கேட்டாலொழிய வாய் திறவாமல் ஒதுங்கி நிற்பவர். போதிய மாதிரிகள் கிடைக்காமையால் இவருக்கு உட்பிரிவு செய்யப்படவில்லை.