முதுகுக்கு ஆண்டுச் சந்தா

வாரப் பத்திரிகைக்குச் சந்தா கட்டலாம். படிக்காவிட்டாலும் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுக் கொஞ்சம் காசு பார்க்கலாம். முதுகைப் பிடித்துவிடச் சந்தா கட்டினால், பிடிக்காத முதுகை எந்தக் கடையில் போடுவது? கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்க்கும் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டிய கேள்வி. தோன்றியது என்னவோ கையெழுத்துப் போட்ட பிறகுதான்.

வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், சினிமாவுக்குப் போகிற வழியில் இருந்தது அந்த ஸ்பா. வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்ததும், "சார், உங்க வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றாள். கல்யாணமான நாள்முதல் வீட்டில் யாரும் கவனிக்காத என் தோளை ஒருத்தி கவனித்துவிட்டாள் என்றால், அதற்கு மேல் குடும்பஸ்தன் எப்படி நடையைக் கட்டுவான்? உள்ளே போனேன். ஒரு மணி நேர மசாஜ் 2,500 ரூபாய். உறுப்பினரானால் மாதம் ஒன்று, 1,500 ரூபாய்தான்; வருடத்துக்குக் கட்டாயம். "வருஷத்துக்கு 12,000 ரூபாய் உங்களுக்கு லாபம் சார். பணம் அக்கவுண்ட்லேருந்து தானாவே போயிடும், நீங்க ஞாபகமே வெச்சிக்க வேண்டாம்." பன்னிரண்டாயிரம் சம்பாதித்த பெருமிதத்தோடு வெளியே வந்தேன். இடது தோளுக்கு மளிகைப் பையை மாற்றியபோது வலது தோள் தானாக மேலே வந்தது.

நிபந்தனைகள் அச்சடித்த தாள் மூன்று பக்கம். சனி, ஞாயிறு செல்லாது. வார நாட்களில் காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை மட்டும். அதாவது, உழைத்து முதுகு வலிக்கிறவன் வர முடியாத நேரம். இந்த மாத மசாஜ் அடுத்த மாதத்துக்குப் போகாது. மனைவிக்கு மாற்ற முடியாது. எண்ணெயில் லாவண்டர் வாசனை வேண்டுமென்றால் தனியாக முந்நூறு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைச் சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நான் சேர்ந்தது அதற்கு முந்தைய மாதம். சந்தோஷமாக ஓடிப்போய்க் கேட்டேன். "உங்க விலை எல்லா வரியும் உட்பட சார்" என்றார்கள். வரி இறங்கிற்று, 1,500 இறங்கவில்லை.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு காகித உள்ளாடை தருவார்கள். அதில் எது முன்பக்கம் என்று அந்த மங்கிய வெளிச்சத்தில் கண்டுபிடித்தவர்கள் பாக்கியசாலிகள். நான் பாக்கியசாலி இல்லை. பிறகு குப்புறப் படுத்து, மேசையில் இருக்கும் ஓட்டைக்குள் முகத்தை நுழைக்க வேண்டும். அந்த ஓட்டை வழியாகத் தெரியும் உலகம் மிகச் சிறியது. ஒரு பித்தளை உருளி, அதில் மிதக்கும் பிளாஸ்டிக் தாமரை, பக்கத்தில் மசாஜ் செய்கிற தம்பியின் ரப்பர் செருப்பு. ஐந்து நிமிடத்தில் மூக்கு அடைத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து, "பிரஷர் மீடியமா சார், ஸ்ட்ராங்கா?" என்று கேட்பார். ஆண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? "ஸ்ட்ராங்" என்பேன். அடுத்த ஐம்பது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தாமரையைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஆள் மாறிவிடுவதால், எந்த இடத்தில் வலி என்ற என் முதுகின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்ல வேண்டும். முடிந்ததும் இஞ்சி டீ. பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வேளச்சேரி வழியாக மடிப்பாக்கம் வந்து சேர்வதற்குள், அந்தத் தம்பி அவிழ்த்த முடிச்சு அத்தனையையும் வேகத்தடைகள் பழையபடி போட்டுக் கொடுத்துவிடும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலி வந்தால் மசாஜுக்குப் போவது உலக வழக்கம். உறுப்பினர் ஆனவன், கட்டிய பணத்துக்கு வலியைத் தேட வேண்டும். மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல்:

"என்னங்க, முதுகு வலிக்குதா?"

"இல்லையே."

"பின்னே எதுக்கு அரைநாள் லீவு போட்டுட்டுக் கிளம்புறீங்க?"

"நாளையோட இந்த மாசத்துது காலாவதி."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மோர் பாக்கெட்டைத்தான் எடுத்துத் தேதி பார்த்தாள். சமையல் எரிவாயு உருளை வந்த அன்று, "நீ விடு, நான் பார்த்துக்கிறேன்" என்று நானே தூக்கினேன். எரிவாயு மட்டும் 14.2 கிலோ, உருளையின் எடை அதற்கு மேல் பதினைந்து கிலோ. வலி வந்தது. நல்ல வலி. ஆனால் அன்று சனிக்கிழமை.

வருடக் கணக்கை இன்னும் மூடவில்லை. இதுவரை போன பணத்தைப் போன மசாஜால் வகுத்துப் பார்த்தேன். உறுப்பினர் அட்டை இல்லாதவன் சாவகாசமாக நடந்து வந்து கொடுக்கிற 2,500ஐவிட என்னுடையது அதிகம்.

நிறுத்திவிடலாம் என்று போனால் மேலாளர் லீவில் இருந்தார். அடுத்த முறையும் லீவில் இருந்தார். அப்போதுதான் சட்டம் படிக்க ஆரம்பித்தேன். தானாகப் போகும் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்னால் நமக்குத் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்திருக்கிறது, மாதா மாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கங்களுக்கு அடியில் கிடந்தது. யுபிஐ வழியாகத் தந்த அனுமதியை அந்தச் செயலியிலேயே நாம் ரத்து செய்யலாம். மேலாளரின் லீவு முடிய வேண்டியதில்லை. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்காட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. 1915 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது. இவ்வளவும் தெரிந்துகொண்டேன். கையெழுத்துப் போடுமுன் மூன்று பக்கத்தைப் படிப்பது இதைவிடச் சுலபம்.

மாற்று வழி என்று பார்த்தால் ஊரே மாற்று வழியாகத்தான் இருக்கிறது. எங்கள் தெரு சலூனில் முடிவெட்டிய பிறகு தலையில் எண்ணெய் தெளித்து, பத்து விரலும் படபடக்கத் தட்டி, காதோரம் வழித்துவிடுவார் கடைக்காரர். நூறு ரூபாய் கொடுத்தால் தோள், கைகளையும் பிடித்து, விரல் விரலாகச் சொடக்கு எடுத்துவிடுவார். ஊர் அரசியலும் அதில் அடக்கம். கழுத்தை மட்டும் படக்கென்று திருப்பவிடாதீர்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளம் கிழிந்து பக்கவாதம் வரை போகக்கூடும். நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "கழுத்துச் சொடக்கு வேணாம்ணே." அவர் முகம் சுருங்கும், அவர் கலையின் உச்சமே அதுதான்.

வீட்டில் இருக்கிற வைத்தியம், பையனை முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வது. என் அப்பா என்னை மிதிக்கச் சொன்ன காலத்தில் கூலி ஒரு ஆரஞ்சு மிட்டாய். இவன் நிமிடத்துக்குப் பத்து ரூபாய் கேட்டான். பேரம் பேசி முடிப்பதற்குள், "மாசத்துக்கு மொத்தமா கட்டினா குறைச்சுக்கிறேம்ப்பா" என்றான். எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா கைவசம் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் இருக்கிறது. சூடான நல்லெண்ணெய், சீயக்காய், நொச்சி இலை போட்ட வெந்நீர், மதியம் மிளகு ரசம். இடுப்புக்கு வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். இவை அத்தனைக்கும் ஆகிற செலவு லாவண்டர் வாசனைக்கு ஆகிற முந்நூறைத் தொடாது.

கடைசியில் அரும்பாக்கத்தில் இருக்கிற அரசு இந்திய மருத்துவமனைக்குப் போனேன். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில், உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணம் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதிலேயே ஒன்பது வகை. இறுக்கலும் முறுக்கலும் எனக்கு அலுவலகத்திலேயே கிடைத்துவிடுகின்றன. மீதியைக் கேட்டு வாங்கலாம் என்று சீட்டோடு வரிசையில் நின்றேன்.

மருத்துவர் என் முதுகைத் தொடவேயில்லை. "பின்னாடி பாக்கெட்ல என்ன?" என்றார். பர்ஸ். எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு விரல் கனம் இருந்தது. "இது மேலதான் தினமும் எட்டு மணி நேரம் உட்கார்றீங்களா?"

ஒரு பக்கம் மேடாக வைத்து மணிக்கணக்கில் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு நசுங்கி வலி வரும். 1978லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு மருத்துவர் எழுதிய விஷயம் இது. பர்ஸைப் பிரித்துப் பார்த்தேன். ரேஷன் கடை ரசீது, பழைய பெட்ரோல் பில்கள், நாலைந்து அட்டைகள். இருந்ததிலேயே தடிமனானது, தங்க ஓரம் போட்ட ஸ்பா உறுப்பினர் அட்டை.

மருத்துவர் தடவிக்கொள்ள ஒரு தைலம் எழுதிக்கொடுத்தார். மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்து நடக்கச் சொன்னார். பர்ஸ் இப்போது சட்டைப் பைக்கு வந்துவிட்டது. வலி பெருமளவு போய்விட்டது. அதனால் எனக்கு இன்னும் பாக்கியிருக்கிற மசாஜ்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசகர்களில் முதுகு வலி உள்ளவர்கள் யாரும் தயவுசெய்து அவற்றைக் கேட்டு எழுத வேண்டாம். மூன்றாம் பக்கம் எட்டாவது நிபந்தனை அதற்கு இடம் தரவில்லை.