பழைய கேரவனும் ஐந்திணை மரபும்: கேமரன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிங்கப்பூரில் பிறர் படுத்துறங்கிக் கழித்த கேரவன் ஒன்றை முறைப்படி எல்லை தாண்டுவித்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எப்படி என்பதற்கான விடை இதில் இல்லை. ஆராய்ச்சி மட்டும் உண்டு.

ஆய்வின் தேவை

இவ்வாய்வாளருக்கு அண்மையில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் உட்காரும்படி ஆயிற்று. பன்னாட்டு என்பதற்குச் சான்றாக மேடையில் இருவர் கோட்டு அணிந்திருந்தனர். அறிஞர் ஒருவர் தோட்டத்து லயத்தையும் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தையும் ஒற்றையடிப் பாதையையும் ஐந்திணைக்குள் அடக்கிக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. ஐந்திணையில் அடங்காத பொருள் உலகில் உண்டோ என்று அவர் அறைகூவியபோது, வெளியே நின்றிருந்த மச்சானிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது: "மாமா, சிங்கப்பூர்ல ஒரு கேரவன் மலிவா வருது. எடுத்துறவா?" ஆய்வுப் பொருள் அக்கணமே பிறந்தது.

ஆய்வு எல்லை

வடக்கே கம்போங் ராஜா, தெற்கே உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி, கிழக்கே மச்சானின் பிடிவாதம், மேற்கே அவர் மனைவியின் மறுப்பு. இவற்றுக்கு அப்பாற்பட்டவை பிறர் ஆய்வுக்கு விடப்பட்டுள்ளன.

முன்னோடிகள்

கேமரன் மலை ஆய்வின் தந்தை வில்லியம் கேமரன். 1885ல் இம்மலைச் சமவெளியைக் கண்டவர், கண்ட இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை என்பார்கள். பின்வந்தவர்கள் தேடித் திணறினார்கள். கண்டுபிடிப்பை அறிவித்துவிட்டு அது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடும் உயர்ந்த மரபு அவரிலிருந்தே தொடங்குகிறது. இன்றைய ஆய்வேடுகளிலும் அது வாடாமல் இருக்கிறது.

இரண்டாமவர் ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் பெயர்பெற்ற அமெரிக்கர். 1967 மார்ச் 26 அன்று, தானா ராத்தாவுக்கு அருகே தங்கியிருந்த பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவே இல்லை. காவல்துறை, ராணுவம், பூர்வகுடியினர், குறிசொல்லிகள் என்று எல்லாரும் தேடியும் துப்புக் கிடைக்கவில்லை. ஒரு மனிதரையே மறைத்துவிட்ட மலையில் ஒரு விண்ணப்பக் கோப்பு காணாமல் போவது எம்மாத்திரம்?

மூன்றாமவர் மனிதரல்ல, லேண்ட் ரோவர். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட வண்டி. போருக்குப் பிந்தைய இரும்புத் தட்டுப்பாட்டில் பிறந்ததால் மேலுடம்பு அலுமினியக் கலவை, அடிச்சட்டம் மட்டும் இரும்பு. ஆகவே மலைப் பனியில் மேலே அழகாகவும் அடியில் துருவாகவும் முதுமை எய்தும். இப்பண்பு மூத்த ஆய்வறிஞர் சிலரிடமும் காணக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியபோது ஏலத்தில் எடுத்து மேலே கொண்டுவந்த வண்டிகள் இவை என்று மலையில் மூத்தவர்கள் சொல்வார்கள். பழைய வண்டி இறக்குமதியில் கேமரன் மலைக்கு மரபுரிமை உண்டு என்பது இதனால் பெறப்படும்.

அடிப்படைச் சிக்கல்: வீடா, வண்டியா?

ஆசியான் நாடுகளின் சுங்க வரி அட்டவணை இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. தன் எஞ்சினில் தானே ஓடும் கேரவனுக்கு உரிய தலைப்பு எண் 8703. கார்களின் குலம் அது. அந்தக் குலத்தில் கேரவனோடு கூடப்பிறந்தவை ஆம்புலன்ஸ், சவ ஊர்தி, சிறைக்கைதி வண்டி. நோயுற்றவன், இறந்தவன், குற்றம் செய்தவன், விடுமுறையில் போகிறவன் ஆகிய நால்வரும் படுத்தோ உட்கார்ந்தோ கொண்டுபோகப்படுபவர்களே என்ற மெய்ப்பொருளைச் சுங்கத்துறை கண்டிருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை காணவில்லை.

தோட்டத்துப் பட்டறிவு இதை மறுக்கும். லயத்து வீட்டுக்குச் சக்கரம் கிடையாது. ஆனாலும் வேலையில் இருக்கும்வரைதான் அது வீடு. ஓய்வு வயது வந்துவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டி பானையோடு சடக்கில் நிற்க வேண்டும். முப்பது நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த குடும்பங்கள் அப்படி இறங்கிப் போனதை மச்சான் பார்த்திருக்கிறார். "நின்ன இடத்துல நிக்கிற வீடே நம்மள எறக்கி விட்டுருச்சு. ஓடுற வீடு ஒண்ணு வாங்கி வச்சா யாரு எறக்குவா?" என்பது அவர் தரும் காரணம். கருத்தரங்கில் லயத்தின் நீள அகலம் அங்குலம் அங்குலமாகச் சொல்லப்பட்டது. சாவி யாரிடம் இருந்தது என்பது மட்டும் நேரமின்மையால் விடுபட்டது.

ஐந்திணைப் பகுப்பு

நெய்தல் (இரங்கல்): ஜொகூர் நீரிணையின் அந்தப் பக்கம் கேரவன், இந்தப் பக்கம் மச்சான், இடையே சுமார் ஒரு கிலோமீட்டர் பாலத்தில் நகராத வாகன வரிசை.

முல்லை (இருத்தல்): முகப்பிடத்தில் எண் சீட்டுடன் காத்திருத்தல்.

மருதம் (ஊடல்): மச்சானின் மனைவி பேசுவதை நிறுத்தினார்.

பாலை (பிரிதல்): இது பணத்தைப் பிரிதல். இங்கே சற்று நிற்க வேண்டும். மலேசியாவுக்குள் வரும் அந்நிய வண்டியைப் பற்றும் மலங்கள் மூன்று: இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி. சைவ சித்தாந்தம் கற்றோர்க்கு இவை ஆணவம், கன்மம், மாயை என விளங்கும். முதல் மலம் வண்டியின் மதிப்பின்மீது ஏறும். இரண்டாவது, மதிப்போடு முதல் மலத்தையும் சேர்த்து அதன்மீது ஏறும். கார்களைப் பொறுத்தவரை இது மட்டுமே 105 விழுக்காடு வரை போகும். மூன்றாவது, முன்னிரண்டையும் சுமந்து நிற்கும் மொத்தத்தின்மீது பத்து விழுக்காடாக ஏறும். மதிப்பு என்பதும் மச்சான் கொடுத்த விலையன்று, சுங்க அதிகாரி மனத்தில் தோன்றும் விலை. இதனால் பதி, பசு, பாசம் மூன்றும் தெளிவாகின்றன. அதிகாரி பதி, வரி பாசம். பசு யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் முன்பாக ஏபி என்னும் இறக்குமதி அனுமதி வேண்டும். 1970 முதல் வழங்கப்படும் இச்சீட்டு தீட்சைக்குச் சமம். அதைப் பெறாதவர் மலங்களைச் சுமக்கும் தகுதியைக்கூடப் பெறுவதில்லை. மேலும் ஒரு நுட்பம்: சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றுக்கு ஆயுள் பத்தாண்டு. அதனால் பலர் பத்தாம் வயதில் வண்டியைக் கழித்துவிடுவார்கள். மலேசிய வணிகர்கள் கொண்டுவரும் பழைய வண்டியோ ஐந்து வயதைத் தாண்டக் கூடாது. அவர்கள் கொடுக்க மனம்கொள்ளும் வயதில் இவர்கள் வாங்க மாட்டார்கள். பொருந்தாக் காமமாகிய பெருந்திணைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

குறிஞ்சி (புணர்தல்): நிகழவில்லை.

மூலபாட ஆய்வு: மூன்றா, எட்டா?

வண்டியின் எல்லாத் தாள்களும் ஒரே ஒரு மூலபாடத்தை நம்பி நிற்பவை. அது அடிச்சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண். பதினேழு எழுத்தும் இலக்கமுமான சிறு கல்வெட்டு. ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் இதில் வரலாகாது. ஒன்றோடும் சுழியோடும் மயங்கும் என்று வகுத்தவர்களே விலக்கிவிட்டார்கள். இத்தகைய கருணை தமிழ்க் கல்வெட்டு வெட்டியோருக்கு இருந்திருந்தால் பல பேராசிரியர்களுக்குப் பிழைப்பே இருந்திராது.

மச்சான் சிங்கப்பூர் போய்ப் படி எடுத்து வந்தார். முறை பின்வருமாறு: வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுதல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துருவையும் சேற்றையும் துடைத்தல், மெல்லிய தாளை எண்ணின்மேல் விரல்களால் அழுத்திப் பிடித்தல், பென்சிலைப் படுக்கவைத்து இடமிருந்து வலமாகத் தேய்த்தல். கருமைக்கு நடுவே எண்கள் வெள்ளையாக எழும். தொல்லியல் துறையினர் மைப்படி எடுப்பதும் ஏறக்குறைய இவ்வாறே. அவர்களுக்குப் பயணப்படி உண்டு என்பதே வேறுபாடு.

படி தானா ராத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசைமேல் விரிக்கப்பட்டது. விரித்த வேகத்தில் அதன்மேல் தேத்தண்ணிக் கோப்பையும் வைக்கப்பட்டது. கோப்பையை எடுத்தபோது பதினான்காம் இடத்தில் வட்டக் கறையின் விளிம்பு உட்கார்ந்திருந்தது. அவ்விடத்து இலக்கம் மூன்றா, எட்டா என்னும் மாபெரும் விவாதம் அங்கே தொடங்கிற்று.

மூன்று என்போர், இடப்பக்க வளைவுகள் இரண்டும் தேநீரால் ஆனவை, பென்சிலால் ஆனவை அல்ல என்பர் (சாப்பாட்டுக் கடைச் சுவடி, மூன்றாம் மேசை, வாழையிலையின் முன்பக்கம்). எட்டு என்போர், தேநீர் புதிதாக எதையும் எழுதவில்லை, மறைந்திருந்ததைக் காட்டிக் கொடுத்தது என்பர் (மேற்படி, இலையின் பின்பக்கம், சாம்பார் பட்டுச் சில சொற்கள் சிதைந்தன). அது இலக்கமே அன்று, பி என்னும் ஆங்கில எழுத்து என்றொரு மூன்றாம் கட்சி உண்டு (பட்டறைச் சுவர்க் கல்வெட்டு, மேற்கு முகம், கடன் பாக்கிப் பட்டியலுக்கு மேல்வரி, காண விரும்புவோர் முருகன் காலண்டரைத் தூக்கிப் பார்க்க). அந்த இடம் முழுவதுமே யாரோ வெட்டி ஒட்டிய இடைச்செருகல் என்று நான்காம் கட்சி வாதிடும் (வாய்மொழி மரபு, சொன்னவர் அடுத்த மேசைக்காரர், நம்மோடு பேசிக்கொண்டிருந்தாரா என்பது ஐயம், ரசம் பரிமாறுவதற்கு முந்தைய பாடமே கொள்ளத்தக்கது, மோருக்குப் பிந்தையது மிகப் பிற்காலத்தது, பாயசக் காலத்து உரையை எவரும் ஏற்பதில்லை).

பில்லை நீட்ட வந்த கடைப் பையன், "அண்ணே, வண்டியப் போய் இன்னொரு வாட்டி பாத்துரலாமே?" என்றான். ஆய்வு நெறிமுறை அறியாதவன். மூலபாடத்தை நேரில் பார்ப்பது என்று ஒருமுறை தொடங்கிவிட்டால், அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எத்தனை நூல்களைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்!

மச்சான் படி எடுத்தது விற்பனைக்கு இருந்த கேரவனில் அன்று, பக்கத்தில் நின்ற வேனில் என்பது பின்னர் தெரியவந்தது. இது ஆய்வின் முடிவுகளை எவ்வகையிலும் பாதிக்காது.

உரை மரபு

மூலத்துக்கு உரை இன்றியமையாதது. இத்துறையில் உரையாசிரியர் ரன்னர் எனப்படுவார். சாலைப் போக்குவரத்துத் துறையாகிய ஜேபிஜே வாசலில் இருப்பார், பாரங்களின் உட்பொருள் அறிந்தவர், உரைக்குத் தனிக்கட்டணம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அண்ணே, ஏபி இருக்கா?" இல்லை என்றார் மச்சான். "அப்ப வண்டி அங்கயே இருக்கட்டும். நீங்க வாராவாரம் போய்ப் படுத்துட்டு வாங்க." இதுவரை எழுதிய பக்கங்கள் அனைத்தும் இவ்வுரையில் அடங்கிவிட்டதை நேர்மையான வாசகர் உணர்வார். ஆனால் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னால் எந்த ஆய்விதழும் வெளியிடாது.

முடிவுரை

ஆய்வு நடந்த காலமெல்லாம் காய்கறித் தோட்டத்துச் சரிவுகளில் லோரி ஹந்து எனப்படும் பேய் லாரிகள் முட்டைக்கோசு ஏற்றி இறங்கிக்கொண்டிருந்தன. எண் பலகை கிடையாது, ரோட் டெக்ஸ் கிடையாது, காப்புறுதி கிடையாது. ஜேபிஜே சோதனை போடும் நாளில் மட்டும் மறைந்துவிடும். ஆகவே மலையில் இருவகை வண்டிகள் உள்ளன என நிறுவலாம். ஒன்று, வண்டி இருக்கும், தாள் இருக்காது. மற்றொன்று மச்சானுடையது, தாள் இருக்கும், வண்டி இருக்காது. முதல் வகையால் கோலாலம்பூருக்குக் கோசு போகிறது. இரண்டாம் வகைக்குக் கருத்தரங்குகளில் ஆய்வுக் கட்டுரை என்று பெயர்.

மேலாய்வுக்கான களங்கள்

ஒன்று: தேநீர்க் கறையின் வட்டத்தைக் கொண்டு காலம் கணித்தல். இரண்டு: மருதத் திணையில் மச்சான் மனைவியின் மௌனம் எப்போது முடியும் என்பது (அவசரம்). மூன்று: கேரவன் வாங்க வைத்திருந்த பணத்துக்குத் தாப்பாவில் சக்கரமில்லாத சிறு வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டலாம் என்று அம்மனைவி முதலிலிருந்தே சொல்லிவந்ததை எவரும் ஏன் மேற்கோள் காட்டவில்லை என்பது.

இக்கட்டுரைக்காகப் பொன்னாடை போர்த்த விரும்பும் அமைப்புகள் கம்பளியில் எடுத்துவரவும். பிரிஞ்சாங்கில் இரவுக் குளிருக்குச் சரிகை தாங்காது.